பாலைநிலத்தில் ஒரு சைக்கிள் தடம்



ஒருவர் தம் செயல்களைப் பற்றித் தாமே கூறும் செய்திகளை நாம் எந்த அளவுக்கு நம்பலாம்? அவற்றுள் சில பொய்யெனத் தெரிந்துவிட்டால், எஞ்சியவற்றையும் பொய்யென்று தள்ளிவிட வேண்டியதுதானா? வரலாறு பயில்வோர் அடிக்கடி எதிர்ப்படும் வினாக்கள் இவை. இவற்றுக்கு விடை காண மன்னர்களின் மெய்க்கீர்த்திகளையோ படைத்தலைவர்களின் நாட்குறிப்புகளையோ தேடிப் போக வேண்டியதில்லை. 1895ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்குப் பாலைநிலத்தைச் சைக்கிளில் கடந்த ஒரு பெண்மணியின் வரலாறே போதும். ஆனி லண்டன்டெரி என்ற பெயர் அந்நாளில் அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிதும் அடிபட்ட பெயர்.

முதலில் அந்த நிலத்தின் இயல்பை அறிந்துகொள்வோம். கலிபோர்னியாவின் தென்கிழக்குப் பகுதியில் தொடங்கி, அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகியவற்றின் வழியாக, டெக்சாசின் மேற்கு முனை வரை அப்பாலை பரந்து கிடக்கிறது. மேற்கே சொனோராப் பாலைவனம்; கிழக்கே சிவாவாப் பாலைவனம். கொலராடோ ஆற்றங்கரையில் உள்ள யூமா நகரில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறக்குறைய 80 மில்லிமீட்டர்தான். சென்னையில் ஓராண்டில் 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்நிலத்தின் வறட்சி விளங்கும். ஜூன் மாதத்தில் நிழலிலேயே வெப்பம் 40 பாகையைத் தாண்டும். மணலும் பரற்கல்லும் நிறைந்த அந்த வெளியில் சகுவாரோ என்னும் கள்ளி, மரம்போல் ஓங்கி நிற்கும். நம் நாட்டில் சீமைக்கருவேலம் என்று நாம் அழைக்கும் முள்மரத்தின் நெருங்கிய இனமான மெஸ்கீட் மரங்கள் ஆங்காங்கே வளர்ந்திருக்கும். கள்ளி முள்ளும் மெஸ்கீட் முள்ளும் காற்றடைத்த டயருக்கு எத்தகைய பகை என்பதைக் கூற வேண்டியதில்லை.

அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் அந்நாளில் தனி மாநிலங்களாக விளங்கவில்லை. அவை மாநிலங்களாக ஏற்கப்பட்டது 1912ஆம் ஆண்டில்தான். தம் மண்ணைக் காக்கப் போரிட்ட அப்பாச்சி மக்களின் தலைவர் ஜெரோனிமோ, அமெரிக்கப் படையிடம் இறுதியாகச் சரணடைந்தது 1886இல். அதற்கு ஒன்பதே ஆண்டுகளுக்குப் பின்னர்தான் நாம் பேசும் பயணம் நிகழ்ந்தது.

அந்தப் பாலையை ஊடறுத்துச் சென்றது ஒன்றுண்டு. அது சதர்ன் பசிபிக் கம்பெனியாரின் இருப்புப்பாதை. 1877இல் யூமாவை எட்டிய அப்பாதை, 1880இல் டூசான் நகரையும், 1881இல் டெக்சாசில் உள்ள எல் பாசோவையும் அடைந்தது. கொதிக்கும் வெயிலில் அதனை அமைத்தவர்களுள் பெரும்பாலோர் சீன நாட்டுத் தொழிலாளர்கள். அவர்களின் பெயர்களை ஏடுகள் காக்கவில்லை. ஆயினும் அவர்கள் இட்ட பாதையே பின்னர் வந்த எல்லாப் பயணிகளுக்கும் உயிர்நாடியாயிற்று. நீராவி எஞ்சினுக்கு அடிக்கடி நீர் வேண்டும். ஆகவே பாதையோரமாக இடைவெளிவிட்டு நீர்த்தொட்டிகள் அமைக்கப்பட்டன. ஊற்று இல்லாத இடங்களுக்குப் புகைவண்டியிலேயே நீர் கொண்டுவந்து நிரப்பினர். பாதையைப் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் தங்கும் குடிசைகளும், தந்தி நிலையங்களும் ஆங்காங்கே இருந்தன. சைக்கிளில் வருபவருக்கு நீரும் உணவும் நிழலும் கிடைக்கக்கூடிய இடங்கள் அவை மட்டுமே. தண்டவாளத்தைக் கண்பார்வையில் வைத்துக்கொள்வதே அப்பாலையில் உயிர்பிழைக்கும் வழி.

இனி, சைக்கிளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் சிறு தட்டளவும் கொண்ட பழைய வகைச் சைக்கிளில் ஏறி, தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோப் பகுதியிலிருந்து புறப்பட்டார். நெவாடாப் பாலைவனத்தையும் மலைத்தொடர்களையும் கடந்து, ஆகஸ்ட் 4ஆம் நாள் பாஸ்டன் நகரை அடைந்தார். அவரும் இருப்புப்பாதையையே வழித்துணையாகக் கொண்டார். வழியின் கணிசமான பகுதியில் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். பின்னர் உலகைச் சுற்றிவரத் தொடங்கி, 1886இல் நம் நாட்டின் கிராண்ட் டிரங்க் சாலை வழியே கல்கத்தா வரை சென்றார். அந்தப் பழைய வண்டியை ஓட்டுவதற்கு உடல் வலிமையும், குப்புற விழ அஞ்சாத துணிவும் வேண்டும். நீண்ட பாவாடை அணிந்த பெண்கள் அதன்மீது ஏறுவது இயலாத காரியம். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக உள்ள பாதுகாப்பான சைக்கிளை உருவாக்கினார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை அமைத்தார். இவ்விரண்டும் சேர்ந்தபின், சைக்கிள் வீரர்களின் விளையாட்டுக் கருவியாக இருந்த நிலை மாறி, ஆணும் பெண்ணும் ஏறிச் செல்லும் ஊர்தியாயிற்று. துணையில்லாமல், யாரையும் கேளாமல் தான் நினைத்த இடத்துக்குச் செல்லும் ஆற்றல், பெண்ணுக்கு முதன்முதலாக எளிய விலையில் கிடைத்தது. பெண்ணுரிமைக்காக உழைத்த சூசன் அந்தோணி அம்மையார், பெண்களின் விடுதலைக்குச் சைக்கிள் செய்த உதவியை மிக உயர்வாகப் பாராட்டியதன் காரணம் இதுவே.

இத்தகைய காலத்தில்தான் ஆனி அம்மையார் தோன்றுகிறார். அவருடைய இயற்பெயர் ஆனி கோஹன் கோப்சோவ்ஸ்கி. இன்றைய லாத்வியா நாட்டைச் சேர்ந்த ஒரு யூதக் குடும்பத்தில் 1870ஆம் ஆண்டளவில் பிறந்து, சிறு பிராயத்திலேயே பெற்றோருடன் பாஸ்டனுக்குக் குடியேறியவர். மணமாகி, மூன்று குழந்தைகளுக்குத் தாயானவர். பத்திரிகைகளுக்கு விளம்பரம் திரட்டித் தரும் பணியைச் செய்து வந்தவர். சைக்கிள் ஓட்டுவதில் அவருக்கு முன்பழக்கம் ஏறக்குறைய இல்லையென்றே கூறலாம். இத்தகைய ஒருவர் 1894 ஜூன் மாத இறுதியில், மாசச்சூசெட்ஸ் மாநிலச் சட்டமன்ற மாளிகையின் முன்னே கூடிய மக்களிடம் விடைபெற்று, சைக்கிளில் உலகைச் சுற்றி வருவதாகப் புறப்பட்டார்.

பாஸ்டன் நகரச் செல்வர் இருவர் பந்தயம் கட்டியிருப்பதாகவும், 15 மாதங்களுக்குள் உலகைச் சுற்றி வந்து, வழியில் 5,000 டாலர் ஈட்டினால் தமக்கு 10,000 டாலர் கிடைக்கும் என்றும் அவர் அறிவித்தார். லண்டன்டெரி என்னும் ஊற்றுநீர் விற்கும் கம்பெனி 100 டாலர் கொடுத்து, தன் விளம்பரப் பலகையை அவருடைய வண்டியில் தொங்கவிட்டது. அந்தக் கம்பெனியின் பெயரையே அவரும் தம் பெயராகச் சூடிக்கொண்டார்.

பாலையைப் பிரிவுக்குரிய நிலமாக வகுத்தவர்கள் நம் புலவர்கள். பொருள் தேடச் செல்லும் தலைவன் அந்நிலத்தைக் கடப்பான். தலைவி இல்லத்திலிருந்து நாள் எண்ணி வருந்துவாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாஸ்டன் நகரமும் இவ்வகையில் வேறாக எண்ணவில்லை. இங்கே அந்த முறை மாறிற்று. கணவனும் குழந்தைகளும் இல்லத்தில் இருக்க, பொருள் தேடிப் பிரிந்தவள் மனைவி. அதனாலேயே அவரைப் போற்றியவர்களும் தூற்றியவர்களும் மிகுதியாக இருந்தனர்.

தொடக்கத்தில் அவர் ஏறிச் சென்ற வண்டியின் எடை 42 ராத்தல். அதாவது ஏறக்குறைய 19 கிலோகிராம். உடையோ நீண்ட பாவாடை. சிகாகோ நகரை அடைவதற்குள் செப்டம்பர் மாதத்தின் இறுதி வந்துவிட்டது. அங்கே அவர் தம் வண்டியை மாற்றினார். அதில் பாதி எடையே உள்ள, ஆண்கள் ஓட்டும் ஸ்டெர்லிங் சைக்கிளைப் பெற்றுக்கொண்டார். உடையையும் மாற்றினார், பாவாடையை நீக்கிக் கால்சட்டை வகை உடையை மேற்கொண்டார். குளிர்காலம் நெருங்கியதால் மேற்கே செல்லும் எண்ணத்தைக் கைவிட்டு, நியூயார்க்குக்குத் திரும்பி, நவம்பர் மாதத்தில் பிரான்சு நாட்டுக்குக் கப்பலேறினார்.

இங்கே நாட்காட்டியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 1895 ஜனவரி 20ஆம் நாள் அவர் பிரான்சின் மார்செய் துறைமுகத்திலிருந்து கீழ்த்திசை நோக்கிக் கப்பலில் புறப்பட்டார். மார்ச் 23ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் கரையிறங்கினார். இடைப்பட்டவை 62 நாட்கள். ஏடன், கொழும்பு, சிங்கப்பூர், சைகோன், ஹாங்காங், ஷாங்காய், ஜப்பானியத் துறைமுகங்கள் ஆகியவற்றில் தங்கித் தங்கிச் செல்லும் கப்பலுக்கே அந்த நாட்கள் போதும் போதாதவையாக இருக்கும். கப்பல் நிற்கும் சில மணி நேரமோ சில நாட்களோதான் அவர் கரையில் சைக்கிள் ஓட்டியிருக்க முடியும். ஆனால், அமெரிக்க மேடைகளில் அவர் கூறிய கதைகள் வேறு. இந்தியக் காடுகளில் ஜெர்மன் அரச குடும்பத்தாருடன் புலிவேட்டை ஆடியதாகக் கூறினார். சீன ஜப்பானியப் போர்க்களத்தைக் கண்டதாகவும், தோளில் குண்டு பாய்ந்ததாகவும், ஜப்பானியச் சிறையில் அடைபட்டதாகவும் கூறினார். தம்மைப் பற்றியும் ஊருக்கு ஒரு கதை கூறினார். ஓரிடத்தில் தாய் தந்தையற்றவர். மற்றோரிடத்தில் பெருஞ்செல்வத்துக்கு உரியவர். வேறோரிடத்தில் ஹார்வர்டில் மருத்துவம் பயிலும் மாணவி. அவருடைய கப்பல் கொழும்புத் துறையில் நின்றது உண்மை. அங்கிருந்து இந்தியக் காட்டுக்குச் சென்று புலியை வேட்டையாடித் திரும்பிக் கப்பலைப் பிடித்தார் என்பதை, அந்த 62 நாட்கள் ஏற்க மறுக்கின்றன. பந்தயம் கட்டிய செல்வர் இருவரும் இருந்தார்களா என்பதையே இக்கால ஆராய்ச்சி ஐயுறுகிறது.

இவ்வளவும் தெரிந்தபின், இவர் ஒரு வாய்ச்சவடால்காரர் என்று கூறி ஏட்டை மூடிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அவசரப்பட வேண்டாம். நாட்காட்டியின் அடுத்த பக்கங்களைப் புரட்டுவோம்.

சான் பிரான்சிஸ்கோவில் அவர் கரையிறங்கியது மார்ச் 23. சிகாகோ நகரைத் திரும்பவும் சென்றடைந்தது செப்டம்பர் 12. இடைப்பட்டவை 173 நாட்கள். புகைவண்டியில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடக்கூடிய வழி அது. கலிபோர்னியாவில், மிரண்டோடி வந்த குதிரை வண்டியால் மோதுண்டு காயமுற்றார். உடல் தேறியதும் தெற்கே லாஸ் ஏஞ்சல்சை அடைந்து, கோடை முற்றும் வேளையில் கிழக்கே திரும்பிப் பாலைக்குள் நுழைந்தார். இருப்புப்பாதை அங்கே சால்டன் பள்ளத்தில் கடல் மட்டத்துக்கும் கீழே இறங்கிச் செல்லும். பிற்காலத்தில், 1905 முதல் 1907 வரை கொலராடோ ஆறு உடைத்துப் பாய்ந்ததால், அப்பள்ளம் நீர் நிரம்பிப் பெரும் ஏரியாயிற்று. ஆனி அம்மையார் சென்ற காலத்தில் அது உப்புப் பூத்த வறண்ட வெளி.

அந்த வழியில் சைக்கிள் ஓட்டுவது எத்தகையது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பாதையை விட்டு விலகினால் மணலில் சக்கரம் புதையும். பாதையின்மீதே ஏறிச் சென்றால், குறுக்குக்கட்டை ஒவ்வொன்றிலும் வண்டி குலுங்கி, உடலின் மூட்டுகள் எல்லாம் நோகும். இடையிடையே இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டும். டயரில் முள் ஏறினால் அந்த வெயிலிலேயே அமர்ந்து ஒட்ட வேண்டும். கொண்டுசென்ற நீர் தீர்ந்தால், அடுத்த தொட்டி வரும்வரை பொறுக்க வேண்டும். புலியும் இல்லை, போரும் இல்லை. காலைமுதல் மாலைவரை ஒரே கானல், ஒரே தண்டவாளம், ஒரே தாகம். மேடையில் நின்று எடுத்துரைத்தால் கேட்போர் வியப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அவர் அப்பாலையின் சில பகுதிகளைப் புகைவண்டியிலேறிக் கடந்திருக்கக்கூடும் என்ற ஐயம் உண்டு. அந்த ஐயத்தை மறைத்துவிட்டுப் பேசுவது வரலாற்றுக்கு அழகன்று. ஆனால் அதே வழியில், சதர்ன் பசிபிக் புகைவண்டி ஊழியர்கள் தம் வண்டியில் ஏறிக்கொள்ளும்படி அழைத்தபோது, அவர் மறுத்துவிட்டார் என்ற செய்தியும் உண்டு. பார்ப்பதற்கு யாரும் இல்லாத வெளி அது. ஏறிக்கொண்டிருந்தால் எந்த நடுவரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார். பேசும்போது பொய்க்குத் தயங்காத ஒருவர், அந்த வெயிலில் எளிய வழியை ஏற்கவில்லை.

எல் பாசோ நகரில் சில நாட்கள் தங்கிச் சொற்பொழிவு ஆற்றிய பின், ஜூலை 20ஆம் நாள் அவர் வடக்கே புறப்பட்டார். நியூ மெக்சிகோவின் நெடுகிலும் சென்று, கொலராடோவின் டென்வர் நகரை ஆகஸ்ட் 12ஆம் நாள் அடைந்தார். அவ்வழி ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். 23 நாட்களில் ஆயிரம் கிலோமீட்டர் என்றால், நாளொன்றுக்கு 43 கிலோமீட்டர் அளவாகிறது. மணலும் மேடும் நிறைந்த வழியில், பெண் ஒருத்தி வண்டியை ஓட்டியும் தள்ளியும் செல்லக்கூடிய வேகம் இதுவே. நாட்காட்டி ஒன்றையே சான்றாகக் கொண்டால் போதாது. ஊரில் தங்கியிருந்து நாளைக் கழித்துவிட்டுப் புகைவண்டியில் தாவியவருக்கும் நாள் கழியுமல்லவா? ஆயினும் தந்தியும் உள்ளூர்ப் பத்திரிகையும் இருந்த நாடு அது. அவர் வழிநெடுகிலும் பத்திரிகைக்காரர்களின் கண்ணில் பட்டவண்ணம் சென்றார். அவர் வாய்மொழியைச் சாராத சான்றுகள் அங்கே கிடைக்கின்றன. புலிவேட்டைக்கு அத்தகைய சான்று ஒன்றேனும் இல்லை.

பயணத்தின் எஞ்சிய பகுதியைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். நெப்ராஸ்காவின் பெரும்பகுதியை, வழியெல்லாம் சேறாக இருந்ததனால், புகைவண்டியிலேயே கடந்தார். ஐயோவாவில் பன்றிக் கூட்டத்தின்மீது மோதி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டுப்போட்ட கையுடனேயே சிகாகோவை அடைந்தார். அவ்வாண்டு அக்டோபரில் நியூயார்க் வோர்ல்டு பத்திரிகை அவர் பயணக் கதையை அவர் வாய்மொழியாகவே வெளியிட்டது. பின்னர் அவர் குடும்பத்துடன் நியூயார்க்கில் குடியேறிச் சில காலம் பத்திரிகைக்கு எழுதினார். பிறகு உலகம் அவரை மறந்தது. 1947இல் மறைந்தார். அவருடன் பிறந்தாரின் கொள்ளுப் பேரர் ஒருவர், சிதறிக் கிடந்த பத்திரிகைச் செய்திகளைப் பல ஆண்டுகள் திரட்டி, மெய்யையும் பொய்யையும் பிரித்து 2007இல் நூலாக வெளியிட்ட பிறகே, அவர் பெயர் மீண்டும் பேசப்படலாயிற்று.

அவர் ஏன் பொய் கூறினார்? இதற்கு விடை காண்பது அரிதன்று. வழியில் ஈட்டும் பணத்தைக் கொண்டே அவர் மேலே செல்ல வேண்டியிருந்தது. விளம்பரம் திரட்டிப் பழகியவருக்கு மக்கள் எதற்குக் காசு கொடுப்பார்கள் என்பது தெரியும். கீழ்த்திசை நாடுகள் என்றாலே புலியும் பாம்பும் போரும்தான் என்று எண்ணிய கூட்டத்துக்கு, அவர் புலியையும் போரையுமே விற்றார். அக்கதைகளில் அவருடைய குற்றம் ஒரு பாதி என்றால், கேட்டவர்களின் ஆசை மறுபாதி. காரணம் விளங்குவதனால் பொய் மெய்யாகிவிடாது. ஆனால் அப்பொய் எதைக் கெடுத்தது என்பதைக் காண வேண்டும். புலிக்கதையின் பொய்ம்மை வெளிப்பட்டபோது, பாலையில் பட்ட பாடும் சேர்ந்து ஐயத்துக்கு உள்ளாயிற்று. அவர் உண்மையாகச் செய்த அரிய செயலுக்கு அவரே பகையானார்.

மாணவர்களே, இங்கேதான் வரலாறு பயில்வோரின் கடமை தொடங்குகிறது. நெல்லில் பதர் கலந்திருக்கிறது என்பதற்காக நெல்லையே கொட்டிவிடும் உழவர் இல்லை. பதரையும் சேர்த்து உலையில் இடுபவரும் இல்லை. முறத்தில் இட்டுப் புடைப்பதே முறை. ஒரு செய்தி உங்கள்முன் வரும்போது, அதைக் கூறியவர் யார், கூறியதனால் அவருக்கு என்ன ஊதியம், அவர் கூற்றைச் சாராத சான்று உண்டா, நாட்கணக்கும் வழிக்கணக்கும் அதற்கு இடந்தருகின்றனவா என்று கேளுங்கள். ஆனி அம்மையாரின் கதையை இவ்வாறு புடைத்துப் பார்த்தால், புலி பறந்துபோகிறது, போர்க்களம் பறந்துபோகிறது, ஹார்வர்டுக் கல்லூரியும் பறந்துபோகிறது. மூன்று குழந்தைகளின் தாயான ஏழைக் குடியேற்றப் பெண் ஒருத்தி, ஆண்களுக்கான சைக்கிள் ஒன்றில் ஏறி, யூமாவிலிருந்து எல் பாசோவுக்கும், எல் பாசோவிலிருந்து டென்வருக்கும், தண்டவாளத்தின் ஓரமாக வெயிலில் சென்றாள் என்பது முறத்தில் எஞ்சுகிறது. அவள் மேடைகளில் விற்ற கதைகளுள் எதுவும் இதற்கு ஈடாகாது.